பேசினால் தீருமா மனச்சோர்வு?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “எங்க அண்ணி ரெண்டு மாசமா பீடி முறத்தையே தொடலை. விடிகாலை மூணு மணிக்கே முழிச்சுக்கிறாங்க. சோறு இறங்கலை. மந்திரிச்சுத் தாயத்தும் கட்டியாச்சு. இப்ப பேச்சு சிகிச்சைக்குப் போகச் சொல்றாங்க. பேசினா நோய் போயிடுமா?”

நேரில் பார்க்காமல் அண்ணிக்கு இன்னதென்று நான் சொல்லக் கூடாது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்தே கிடப்பது, பிடித்ததும் பிடிக்காமல் போவது, கூடவே தூக்கமும் பசியும் கெடுவது, ‘நான் எதுக்கும் லாயக்கில்லை’ என்ற நினைப்பு, இவையெல்லாம் சேர்ந்தால் மனச்சோர்வைச் சந்தேகிக்க வேண்டும். நம் பக்கத்தில் பலர் தலைபாரம், உடம்பு வலி என்றுதான் மருத்துவரிடம் போவார்கள். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் இதே வேஷம் போடும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

பேச்சு சிகிச்சையில் பல வகை. எனக்கு மிகவும் பிடித்தது செயலூக்க சிகிச்சை, அதாவது விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளைத் திரும்பச் செய்யவைப்பது. மனசு எப்படி முடங்குகிறது என்று முதலில் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் நின்று கூப்பிடுகிறாள். எழத் தெம்பில்லை. “அப்புறம் வரேன்” என்றதும் ஒரு சின்ன நிம்மதி. வினையே அந்த நிம்மதிதான். ஒதுங்கினால் பாரம் குறைகிறது என்று மூளை கற்றுக்கொண்டு, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் ஒதுங்க வைக்கிறது. அரட்டை, கூலிக் காசு, வெள்ளிக்கிழமைப் பூ என்று மனசுக்குத் தீனி போட்டதெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுபோகிறது. மனம் மேலும் வாடுகிறது. பார்க்கிறவர்கள் சோம்பல் என்கிறார்கள்.

சிகிச்சையாளர் ஒரு நோட்டைக் கொடுத்து, மணிக்கு மணி என்ன செய்தீர்கள், மனசு பத்துக்கு எவ்வளவு என்று எழுதச் சொல்வார். ‘படுத்திருந்தேன், 1. பாப்பாவுக்குத் தலை வாரினேன், 3.’ அந்த 3-ஐ அவர் விடமாட்டார்! நாளை நாலு மணிக்கு, மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தலை வார வேண்டும். அது பழகியதும் தெருமுனைக் கடை வரை. மனசு வரட்டும் என்று காத்திருக்காமல், செய்யச் செய்ய மனசைப் பின்னால் வரவழைப்பதுதான் சூட்சுமம்.

1996இல் அமெரிக்காவில் உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழு, எண்ணங்களையும் திருத்தும் முழுச் சிகிச்சையோடு இந்தச் செயலூக்கத்தை மட்டும் ஒப்பிட்டது. பலன் ஏறக்குறைய ஒன்றுதான். கோவாவில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழு, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்துபார்த்தது. பலன் கிடைத்ததை 2017இல் வெளியிட்டார்கள். இத்தனை மலிவான வைத்தியம் குடியாத்தத்துக்கு ஏன் வரவில்லை? புதுக் கட்டடத்துக்குக் கிடைக்கும் பணத்தில் கொஞ்சம் இதற்கு ஒதுக்கலாம். தாயத்து மேல் எனக்குக் கோபமில்லை. அது தின்ற இரண்டு மாதத்தின் மேல்தான் கோபம்.

சோர்வு கடுமையானால் மாத்திரையும் வேண்டும். அது வேலை காட்டச் சில வாரம் ஆகும். தானாக நிறுத்தக் கூடாது.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனை 1950களிலேயே தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைப்பதற்குப் பேர்போனது. அரசு மாவட்ட மருத்துவமனையிலும் கேட்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. சாவைப் பற்றி அண்ணி பேசினால் மட்டும் நாள் பார்க்க வேண்டாம்; தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.