பீப்பிள்: மக்களா, பேரா, ஆட்களா?

‘பீப்பிள்’ என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் எல்லோரும் சட்டென்று சொல்வது ‘மக்கள்’. பாதி இடங்களில் அது சரி. மீதி இடங்களில் ‘விபத்தில் மூன்று மக்கள் இறந்தனர்’, ‘இளம் மக்கள் விரும்பும் உடை’ என்று எழுத வைத்துவிடும். படித்தால் பொருள் புரியும், ஆனால் காதில் இடறும். ஏன் இடறுகிறது என்று தெரிய இரண்டு சொற்களின் பிறப்பையும் பார்க்க வேண்டும்.

ஆங்கிலச் சொல் லத்தீனின் ‘போபுலுஸ்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக 13ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்தது. ‘பாப்புலர்’, ‘பாப்புலேஷன்’ இரண்டும் அதே வேர், ‘பப்ளிக்’கும் உறவுதான். அதற்கு முன்பு அந்த இடத்தில் இருந்த சொல் ‘ஃபோக்’. புதியது வந்ததும் பழையது சுருங்கி, இன்று பெரும்பாலும் பாட்டுக்கும் கதைக்கும் முன்னால் நிற்கிறது. தமிழில் அதற்கு ‘நாட்டார்’, ‘நாட்டுப்புற’ என்ற சொற்கள் நன்றாகவே பொருந்துகின்றன.

‘போபுலுஸ்’ ஒரு திரளின் பெயர், தனித்தனி ஆட்களின் பெயர் அல்ல. அந்தப் பழைய பொருள் ஆங்கிலத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: ‘எ பீப்பிள்’ என்றால் ஓர் இனம், ‘பீப்பிள்ஸ்’ என்றால் பல இனங்கள். அந்தக் கடைசி ‘ஸ்’ சாதாரணமானதல்ல. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1957ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 107) பழங்குடிகளை ‘பாப்புலேஷன்ஸ்’ என்றது. 1989இல் வந்த 169ஆம் உடன்படிக்கை ‘பீப்பிள்ஸ்’ என்று மாற்றியது. ஆனால் அந்தச் சொல்லால் பன்னாட்டுச் சட்டத்தில் வரக்கூடிய உரிமைகள் எதுவும் இங்கே கிடைத்துவிட்டதாகக் கொள்ளக்கூடாது என்று முதல் பிரிவிலேயே ஒரு வரியும் சேர்த்தது. ‘பீப்பிள்ஸ்’ என்று ஏற்றால் சுயநிர்ணய உரிமையும் கேட்பார்களோ என்று அரசுகளுக்கு இருந்த அச்சம்தான் காரணம். இப்படிப்பட்ட ஆவணத்தை மொழிபெயர்க்கும்போது வெறும் ‘மக்கள்’ என்று போட்டால் சண்டை நடந்த இடமே அழிந்துபோகும். ‘மக்களினங்கள்’, ‘பழங்குடி இனங்கள்’ என்றுதான் எழுத வேண்டும். ‘மக்கள்’ ஏற்கெனவே பன்மை என்பதால் அதற்கு மேல் இன்னொரு ‘கள்’ ஏறாது.

இனி நம் சொல். ‘மக’ என்றால் பிள்ளை. மகன், மகள், மகவு எல்லாம் அந்தக் குடும்பம். மக்கள் என்றால் முதலில் பிள்ளைகள். கன்னடத்திலும் மலையாளத்திலும் இன்றும் அதுதான் பொருள். தமிழில் வெகு காலம் முன்பே இரண்டு பொருளும் சேர்ந்தே நடந்தன. ‘மக்கள்மெய் தீண்டல் உடற்கின்பம்’ என்று குறள் சொல்லும்போது மடியில் தவழும் பிள்ளை. ‘மக்களே போல்வர் கயவர்’ எனும்போது மனிதர். ‘உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே’ என்ற தொல்காப்பிய வரியிலும் மனிதர்தான். ஆக, ‘மூன்று மக்கள்’ என்றால் பழைய தமிழில் மூன்று பிள்ளைகள். இன்றைய தமிழிலோ ‘மக்கள்’ எண்ணிக்கைக்குள் அடங்காத திரள். இரண்டு வழியிலும் அந்த விபத்துச் செய்தி தவறாகப் போகிறது.

வடமொழி வழியாக வந்த ‘சனம்’, ‘ஜனம்’ என்பதன் வேருக்கும் பிறத்தல் என்றே பொருள். ஆட்சி என்று வந்ததும் இந்தச் சொற்கள் ஒரே தெருவில் கடை போடுகின்றன: ஜனநாயகம், மக்களாட்சி, குடியரசு. ‘குடி’ தனியாக நின்றால் இன்று வேறு பொருள் வந்துவிடுகிறது என்பதால் ‘குடிமகன்’ என்று எழுதுபவர் கொஞ்சம் யோசிக்கவே வேண்டியிருக்கிறது.

எழுத்தில் அடிக்கடி வரும் ஒரு தடுமாற்றம்: மக்கள் + பண்பு = மக்கட்பண்பு; இது சரி. அதைப் பார்த்து ‘மக்கட்தொகை’ என்று எழுதுகிறார்கள். புணர்த்துவதென்றால் ‘மக்கட்டொகை’ என்று ஆக வேண்டும். அப்படி யாரும் எழுதுவதில்லை. ‘மக்கள்தொகை’ என்று விட்டுவிடுவதே நல்லது.

எண்ணோடு வந்தால் ‘பேர்’. மூன்று பேர், முந்நூறு பேர். ‘பெயர்’ தேய்ந்து வந்த சொல் இது. ஆளை எண்ணும்போது நாம் பெயரை எண்ணுகிறோம். சிறிய எண்ணுக்கு இருவர், மூவர், நால்வர், ஐவர் என்பது அழகு. அறுவர், எழுவர், எண்மர் வரை போகலாம். ‘ஒன்பதின்மர்’ என்றால் வாசகர் ஒரு கணம் நின்றுதான் நகர்வார். வேலைக்கு என்றால் ‘ஆள்’: பத்து ஆள் வேண்டும். ‘நபர்’ அரபு மூலம் கொண்டது. காவல்துறைச் செய்தியில் ‘மர்ம நபர்’ என்று நிலைத்துவிட்டது. மற்ற இடங்களில் ‘ஒருவர்’ போதும்.

பெயரடையோடு வரும்போது ‘பீப்பிள்’ தமிழில் தனிச்சொல்லாக நிற்கவே தேவையில்லை, விகுதிக்குள் கரைந்துவிடும். ‘ஓல்ட் பீப்பிள்’ முதியோர், ‘யங் பீப்பிள்’ இளைஞர்கள், ‘ரிச் பீப்பிள்’ பணக்காரர்கள், புகைபிடிக்கிற ‘பீப்பிள்’ புகைபிடிப்போர். ‘புகைபிடிக்கும் மக்கள்’ என்றால் ஒரு நாடே புகைக்கிற மாதிரி இருக்கும். ‘மை பீப்பிள்’ என்பது இடத்தைப் பொறுத்து என் வீட்டார், எங்கள் ஆட்கள், சொந்தக்காரர்கள். ‘பீப்பிள் பெர்சன்’ என்பவர் எல்லோரிடமும் ஒட்டிப் பழகுகிறவர்.

‘பீப்பிள் சே’ என்று வந்தால் ‘சொல்கிறார்கள்’, ‘என்பார்கள்’ போதும்; எழுவாய் வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆளே இல்லாமல் இடத்தை வைத்தும் சொல்வோம்: ஊர் சிரிக்கும், உலகம் ஏசும். இலக்கணத்தில் இது இடவாகுபெயர். ‘வாட் வில் பீப்பிள் சே’ என்ற கேள்விக்கு ‘மக்கள் என்ன சொல்வார்கள்’ என்று எழுதினால் தேர்தல் முடிவுக்குக் காத்திருப்பது போல் ஒலிக்கும். நம் வாயில் அது ‘நாலு பேர் என்ன சொல்வாங்க?’ அந்த நாலு பேர் யார் என்று யாரும் கேட்பதில்லை.