பின் டிப்பில் 'டக்' சத்தமா? கழட்டுவதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

மலையகத்தில் வேன், லொறி ஓட்டும் தம்பிமார் கராஜுக்கு வந்ததும் அடிக்கடி சொல்வது: "அண்ணே, டிப் போயிருச்சு." டிப் என்றால் டிபரன்ஷியல், எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின் டயருக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி. கியர் போட்டு கிளச்சை விட்டால் பின்னால் 'டக்' என்று ஓர் அடி, ரிவர்ஸுக்கு மாற்றினால் இன்னோர் அடி. உடனே கிரவுன் பினியனை, அதாவது டிப்பின் பெரிய பல்சக்கரத்தையும் அதைச் சுற்றவைக்கும் தண்டுப் பல்சக்கரத்தையும், மாற்றச் சொல்லிவிடுகிறார்கள். பல வண்டிகளில் அது தேவையே இல்லாத செலவு. தலவாக்கலைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஒன்றுக்கும் இப்படித்தான் வேறோர் இடத்தில் சொல்லியிருந்தார்கள். தேய்ந்திருந்தது, கியர்பொக்ஸிலிருந்து டிப்புக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெலர் ஷாப்டின் குரோஸ் (சிலுவை வடிவ மூட்டு) மட்டும்தான். அதை மாற்றியதும் சத்தம் நின்றது.

கியர்பொக்ஸ் பற்கள், குரோஸ், ஷாப்டின் ஸ்பிளைன் (ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் வரிப்பற்கள்), கிரவுன் பினியன், வளைவில் இரு பக்க டயரையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிட டிப்புக்குள் இருக்கும் சின்ன கியர்கள், டயரைச் சுற்றும் தண்டான எக்ஸிலின் ஸ்பிளைன் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஆட்டம் உண்டு. எல்லாம் சேர்ந்துதான் காதில் ஒரே 'டக்' ஆக விழுகிறது. நம் பாதைகளில் இது சீக்கிரம் வரும். 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது, எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்குகிறோம். அப்போது பல்லின் மறுபக்கத்தில் பாரம் விழுகிறது. ஏற்றத்தில் ஒரு பக்கம், இறக்கத்தில் மறுபக்கம் என்று மாறி மாறி அடி வாங்குகிறது.

சோதிப்பதற்கு முன் ஒன்றை மறக்காதீர்கள். சரிவில் வைத்து வண்டிக்குக் கீழே போகவே வேண்டாம். ஒரு பின் டயரை மட்டும் ஜக் போட்டுத் தூக்கினால், கியரில் கிடந்தாலும் வண்டி உருளும். தூக்கிய டயர் எதிர்ப்பக்கம் சுற்ற டிப் இடம் கொடுத்துவிடும். ஹேண்ட் பிரேக் கியர்பொக்ஸுக்குப் பின்னால் ஷாப்டைப் பிடிக்கும் வகை லொறிகளில், அந்த பிரேக்கும் அதே காரணத்தால் உதவாது. சமதரை, டயர்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, இரண்டும் இருந்தால்தான் கீழே போக வேண்டும்.

டயர்கள் தரையில் இருக்க, எஞ்சினை நிறுத்தி நியூட்ரலில் விடுங்கள். முதலில் குரோஸின் இரண்டு பக்கத்தையும் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள். நல்ல குரோஸில் கைக்குத் தெரிகிற அசைவு இருக்காது. குரோஸின் முனைகளை மூடும் கப்பைச் சுற்றிச் செம்பழுப்புத் துருத்தூள் இருந்தால் கிரீஸ் வற்றிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் டிப்பின் முன் பிளாஞ்சை (ஷாப்டைப் பூட்டும் தட்டை) மேலும் கீழும், உள்ளும் வெளியும் அசையுங்கள். அசைந்தால் பினியன் பெயாரிங் போய்விட்டது. அதை விட்டுவிட்டு ஓடினால், கிரவுன் பினியனும் கெட்டுப்போகும்.

கடைசியாக பிளாஞ்சை இடமும் வலமும் சுற்றிப் பாருங்கள். இங்கேதான் பலர் பயந்துவிடுகிறார்கள். டிப்பின் விகிதம் 4.1 என்றால், கிரவுனுக்கு அப்பால் சின்ன கியரிலோ எக்ஸிலிலோ இருக்கும் 1 பாகை ஆட்டம் பிளாஞ்சில் 4 பாகையாகத் தெரியும். எனவே கொஞ்சம் சுற்றுவது இயல்பு. நேரே போகும்போது அமைதியாக இருந்து, கொண்டை ஊசி வளைவில் மட்டும் தட்டினால் சின்ன கியர்களையும் அவற்றின் வாஷர்களையும் சந்தேகப்படுங்கள்.

கிரவுன் பினியனை டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) இல்லாமல் குறை சொல்லக் கூடாது. டிப்பைத் திறந்து, கேஜ் முனையைக் கிரவுன் பல்லில் செங்குத்தாக வைத்து, மூன்று நான்கு இடங்களில் பல்லின் ஆட்டத்தை அளக்க வேண்டும். பல சிறிய வாகனங்களுக்கு 0.13 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை சரி. உங்கள் வண்டியின் மெனுவலில் உள்ள எண்தான் முடிவானது. இடத்துக்கு இடம் அளவு மாறினால் கிரவுன் கோணலாகச் சுற்றுகிறது.

ஆட்டத்தைக் குறைக்க பினியன் நட்டை இன்னும் இறுக்கிவிடுகிற பழக்கம் இருக்கிறது. தயவுசெய்து விடாதீர்கள். அந்த நட் பெயாரிங்கின் இறுக்கத்துக்கானது, பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு அல்ல. உள்ளே நசுங்கும் ஸ்லீவ் உள்ள டிப்களில், ஒருமுறை அதிகம் இறுக்கிவிட்டால் புது ஸ்லீவ்தான் போட வேண்டும். அப்படியே ஓட்டினால் பெயாரிங் சூடாகி எரியும்.

ஒயிலையும் பாருங்கள். மெல்லிய சாம்பல் பசை இயல்பு, பல்லின் உடைந்த துண்டு கிடைத்தால் ஓட்டக் கூடாது. பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பிரீதரில் (டிப்பின் காற்றுத் துளையில்) சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி பினியன் சீல் வழியாக ஒயில் கசியும். புது சீல் போட்டும் கசிந்தால் முதலில் பிரீதரைக் கழுவுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய செட் வாங்கும்போது பற்களை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கிரவுனில் 41, பினியனில் 9 என்றால் அதே எண்ணிக்கைதான் வேண்டும். ஒரு செட்டின் கிரவுனை இன்னொரு செட்டின் பினியனோடு சேர்க்காதீர்கள். நான்கு சில்லும் இழுக்கும் வண்டியில் முன் டிப்பின் விகிதமும் பின் டிப்பின் விகிதமும் ஒத்துப்போக வேண்டும். புது கிரவுன் பினியன் பொருத்தினால், முதல் சில நாள் பாரம் ஏற்றி மலை ஏறாமல், இடையில் நிறுத்தி டிப்பைச் சூடாறவிட்டு ஓட்டி, 1,000 கிலோமீட்டருக்குள் ஒயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.