பீடிக்கு ஏன் இந்த வரிச் சலுகை?

பற்றவைத்த சிகரெட்டை ஓரமாக வைத்தால் அது தானாகவே கடைசிவரை எரிந்து சாம்பலாகிவிடும். பீடி அப்படியில்லை. கொஞ்ச நேரம் இழுக்காமல் விட்டால் அணைந்துபோகும். விடிகாலையில் டீக்கடை வாசலில் நிற்கும் கட்டடத் தொழிலாளி ஒரே பீடிக்கு இரண்டு தீக்குச்சி செலவழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணம் பீடி இலை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் பறிக்கப்படும் தெண்டு இலை அது. சிகரெட் தாளில் காற்று புகுந்து வர நுண்துளைகள் உண்டு. இந்த இலையில் காற்று புகுவது குறைவு, எரிவதும் மெதுவாகத்தான். ஆகவே நெருப்பு அணையாமல் இருக்க வேண்டுமானால் அடிக்கடி இழுக்க வேண்டும், ஆழமாகவும் இழுக்க வேண்டும்.

ஒரு பீடிக்குள் இருப்பது ஏறக்குறைய 0.2 கிராம் புகையிலைத் தூள். சிகரெட்டில் அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு இருக்கும். ஆனாலும் ஆய்வகத்தில் அளந்து பார்த்தால், ஒரு கிராம் புகையிலைக்கு இவ்வளவு என்ற கணக்கில் பீடிதான் தார் என்னும் கரும்பசையையும் கார்பன் மோனாக்சைடையும் நிகோடினையும் அதிகமாகத் தருகிறது. "இலைதானே, இயற்கையானதுதானே" என்ற பேச்சு ஊர்ப்பக்கம் இன்னும் உண்டு. அதில் உண்மை இல்லை.

இந்தியாவில் சிகரெட்டைவிட பீடிதான் அதிகம் புகைக்கப்படுகிறது. 2016-17-ல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். பீடி பிடிப்பவர்களில் பெரும்பாலோர் கூலி வேலை செய்பவர்கள், பள்ளிப் படிப்பு குறைவாக உள்ளவர்கள். படிப்பும் வருமானமும் குறையக் குறைய புகையிலைப் பழக்கம் கூடுவதை எந்தக் கணக்கெடுப்பை எடுத்தாலும் பார்க்கலாம்.

இதை அறியாமை என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் உடல் சொல்லும் காரணம் வேறு. மூளையின் அடிப்பகுதியில் பசியைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்களை நிகோடின் தூண்டிவிடுகிறது, பசி மட்டுப்படுகிறது. காலையில் ஒரு டீயோடு மூட்டை தூக்கக் கிளம்புகிறவருக்கு, மதியச் சோறு வரை தாக்குப்பிடிக்க மலிவாகக் கிடைக்கும் பொருள் பீடிதான். வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் உட்கார மேஸ்திரி அனுமதிக்கும் ஒரே சாக்கும் பல இடங்களில் அதுதான். அப்புறம் பழக்கம் பிடித்துக்கொண்டால், அது அடக்கிய பசிக்கான சாப்பாட்டுக் காசையே அது சாப்பிட ஆரம்பிக்கிறது. பொருளாதார ஆய்வாளர் ரிஜோ ஜான் இந்தியக் குடும்பங்களின் செலவுக் கணக்கை வைத்து ஆராய்ந்தபோது, புகையிலை வாங்கும் வீடுகளில் பாலுக்கும் படிப்புக்கும் ஒதுக்கும் பணம் குறைவதைக் கண்டார். புகையிலைக்கும் அது கொண்டுவரும் நோய்க்கும் ஆகும் செலவைக் கழித்துப் பார்த்தால் சுமார் 1.5 கோடிப் பேர் கூடுதலாக வறுமைக்கோட்டுக்குக் கீழே போகிறார்கள் என்பது 2011-ல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட மதிப்பீடு.

புகையிலை என்றதும் நமக்குப் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. ஏழைகள் விஷயத்தில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். இதை உலகுக்குக் காட்டிய ஆய்வு நம் ஊரில்தான் நடந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பெட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து, சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தைக் குடும்பத்தாரிடம் கேட்டுத் திரட்டினார்கள். உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. புகைப்பவர்கள் காசநோயால் சாவது, புகைக்காதவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அது எப்படி? காசநோய்க் கிருமி நம்மில் ஏராளமானோர் உடலுக்குள் சத்தமில்லாமல் கிடக்கிறது. நுரையீரலில் இருக்கும் விழுங்கணுக்கள், அதாவது கிருமிகளை விழுங்கி அழிக்கும் நோய் எதிர்ப்பு அணுக்கள், அதைச் சுற்றி வளைத்து அடைத்து வைத்திருக்கின்றன. புகை பிடிப்பவரின் விழுங்கணுக்களுக்குள் தாரும் கரித்துகளும் நிறைந்துவிடுவதால், கிருமியைப் பிடிக்கவும் கொல்லவும் அவற்றால் முன்போல் முடிவதில்லை. மூச்சுக்குழாயில் அழுக்கை மேலே தள்ளும் நுண்மயிர்களும் செயலிழக்கின்றன. இதோடு சத்துக் குறைவும், நாலு பேர் நெருக்கிப் படுக்கும் ஒற்றை அறை வீடும் சேர்ந்தால் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? வசதியானவர் பிடிக்கும் சிகரெட்டும் கொல்லத்தான் செய்கிறது. ஆனால் இவ்வளவும் கூடவே சேர்ந்து வருவது ஏழைக்குத்தான்.

சரி, சட்டங்கள் இல்லையா என்றால், நிறையவே இருக்கின்றன. 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைக்கத் தடை கடுமையானது. 2016-லிருந்து பெட்டியின் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். இவற்றால் பலனும் உண்டு: 2009-10-ல் 34.6 சதவீதமாக இருந்த புகையிலைப் பயன்பாடு 2016-17-ல் 28.6 ஆகக் குறைந்தது. ஆனால் இவை ஒவ்வொன்றும் வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். ஏசி அலுவலகத்தில் புகைத்தடை பலிக்கும். கட்டட வேலை நடக்கும் வெட்டவெளியில் யார் தடுப்பது? எச்சரிக்கைப் படம் பெட்டியில் இருக்கிறது, பெட்டிக்கடையில் ஒற்றை சிகரெட் வாங்குகிறவர் கைக்கு அந்தப் பெட்டி வருவதே இல்லை. பீடிக்கட்டின் மெல்லிய தாளிலோ அந்தப் படம் கசங்கி மங்கிப்போகிறது.

ஏழைகளிடம் மிக நன்றாக வேலை செய்யும் கருவி ஒன்றுதான்: விலை. காசு குறைவாக உள்ளவர்தான் விலை ஏறினால் முதலில் குறைப்பார், விடுவார். இந்தியா உட்பட 13 நடுத்தர வருமான நாடுகளை வைத்து 2018-ல் வந்த ஆய்வு, சிகரெட் விலை 50 சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டது. அடித்தட்டிலுள்ள ஐந்தில் ஒரு பங்கு ஆண்களுக்கு 15.5 கோடி ஆயுள் ஆண்டுகள் மிச்சமாகும். மேல்தட்டிலுள்ள ஐந்தில் ஒரு பங்கு ஆண்களுக்கு 2.3 கோடி.

நம் அரசுகள் அந்தக் கருவியைத்தான் பீடியின் பக்கம் திருப்பவே இல்லை. ஆண்டுக்கு 20 லட்சம் பீடிக்குக் குறைவாகத் தயாரிப்பவர்களுக்கு ஒரு காலத்தில் கலால் வரியே கிடையாது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீதத்தின் மேல் இழப்பீட்டு வரியும் போட்டார்கள், பீடிக்கு 28 சதவீதத்தோடு சரி. 2025 செப்டம்பரில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவு செய்த அதே கூட்டத்தில் பீடிக்கான வரியை 28-லிருந்து 18 ஆகவும், பீடி இலைக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைத்தது. பீடியால் வரும் நோய்க்கும் சாவுக்கும் 2017-ல் நாடு இழந்தது 80,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்பது ரிஜோ ஜானின் கணக்கு. பீடியிலிருந்து வந்த கலால் வரி அதில் அரை சதவீத அளவுதான்.

இந்தச் சலுகைக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம், பீடி சுற்றுகிறவர்களின் பிழைப்பு. நெல்லை, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையில் அவர்களைப் பார்க்கலாம். மடியில் சுளவு, அதில் தூள். நனைத்த இலையை அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலால் கட்டி, நுனியை மடக்கி விடுகிறார்கள். பேச்சு ஒரு பக்கம் நடக்கும், விரல் நிற்காது. பீடி சுற்ற வேலை கொடுக்கும் கடையில் தரும் இலை கணக்குக்குப் பற்றாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்ட வேண்டும். சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. தூளிலுள்ள நிகோடின் தோல் வழியே உடலுக்குள் போகிறது, தூசி மூச்சில் போகிறது. நாடு முழுக்கப் பதிவு பெற்றவர்கள் மட்டும் ஏறக்குறைய 50 லட்சம் பேர், பெரும்பாலோர் பெண்கள். பல பத்தாண்டு வரிச் சலுகை இவர்களின் கூலியை உயர்த்திவிடவில்லை. கூலி ஏறுவது குறைந்தபட்சக் கூலி அறிவிப்பாலும் சங்கப் போராட்டத்தாலும்தான். சலுகை முதலாளியிடம் போய் நிற்கிறது, மலிவான பீடியாகத் திரும்பி வந்து இதே தெரு ஆண்களின் நுரையீரலுக்குள் போகிறது. இதை ஏழைகளுக்கான இரக்கம் என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

வேறு வழி கிடையாது என்பதும் சரியல்ல. கண்ணூரில் 1969-ல் பீடித் தொழிலாளர்களே தொடங்கிய கேரள தினேஷ் பீடி கூட்டுறவில் ஒரு கட்டத்தில் 42,000 பேர் வேலை பார்த்தார்கள். பீடிக்குக் கிராக்கி குறைவதைப் பார்த்து, 1990-களின் கடைசியிலிருந்து அது உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை என்று மாறத் தொடங்கியது. எல்லோருக்கும் அங்கே வேலை கொடுக்க முடியவில்லை, உண்மைதான். அதற்கு முதலீடு வேண்டும், பயிற்சி வேண்டும்.

அந்தப் பணத்துக்கு ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976-ன் சட்டப்படி ஒவ்வொரு ஆயிரம் பீடிக்கும் ஒரு சிறு தீர்வை வசூலித்தார்கள். கடைசியில் அது 5 ரூபாயாக இருந்தது. மருத்துவமனை, வீடு, பிள்ளைகளுக்கான உதவித்தொகை எல்லாம் அதிலிருந்துதான் போயின. ஜிஎஸ்டி வந்தபோது அந்தத் தீர்வையை எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பக் கொண்டுவந்து, பல மடங்கு உயர்த்தி, சுற்றுகிற கைகளுக்கு வேறு தொழில் அமைக்கவும், பிடிக்கிறவர் விடுவதற்கு அரசு ஆஸ்பத்திரியில் புகைக்கும் ஏக்கத்தைத் தணிக்கும் நிகோடின் மிட்டாயும் ஆலோசனையும் இலவசமாகத் தரவும் செலவிடலாம்.