வெற்றுத் துகளில் சோதித்துப் பார்த்தீர்களா?

‘வைரஸ் போன்ற துகள்’ என்றதும் பலர் சற்றுத் தள்ளி நிற்கிறார்கள். ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர்கள்கூட முதலில் “மேடம், இது தொற்றுமா?” என்றுதான் கேட்கிறார்கள். தொற்றாது. வைரஸின் வெளி உடல் மட்டும்தான் இதில் இருக்கிறது. பெருகத் தேவையான வைரஸ் மரபணுத் தொகுதி இல்லை. குழந்தைகளுக்குப் போடும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியில் இருப்பதும், ஈஸ்ட்டில் தயாரித்த சுமார் 22 நானோமீட்டர் அளவுள்ள இத்தகைய துகள்தான்.

மருந்து ஆய்வில் இத்தகைய துகளுக்கு வேறு வேலை: மருந்தாகக்கூடிய ஆன்டிபாடியைத் தேடும்போது, அது பிடிக்க வேண்டிய ஏற்பியை, அதாவது செல்லின் மேற்பரப்பில் சமிக்ஞை வாங்கும் புரதத்தை, வடிவம் கலையாமல் ஏந்திக் காட்டுவது. சி.சி.ஆர்.5 ஏற்பியையே எடுத்துக்கொள்வோம். நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்களின் மேலிருக்கும் இந்த ஏற்பியை எச்.ஐ.வி தன் நுழைவாயிலாகப் பயன்படுத்துகிறது என்பது 1996-ல் தெரியவந்தது. இதன் புரதச் சங்கிலி செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கிறது. ஆன்டிபாடி தொடக்கூடிய இடமாக வெளியே தெரிவது ஒரு முனையும் மூன்று வளைவுகளும்தான். சோப்புத்தன்மையுள்ள டிடர்ஜென்ட் போட்டுச் சவ்விலிருந்து பிரித்தால், அந்த வளைவுகளின் அமைப்பு கலைந்துபோக நிறையவே வாய்ப்பு உண்டு. அப்படிக் கலைந்த புரதத்தை வைத்துத் தேடிப் பிடித்த ஆன்டிபாடி, நோயாளியின் செல்லில் இருக்கும் ஏற்பியை அடையாளம் காணாமலே போகலாம்.

அதனால் ஏற்பியைச் சவ்வோடு சேர்த்தே எடுக்கிறோம். ஹெச்.இ.கே. 293 என்ற மனிதச் செல்களுக்குள் இரண்டு மரபணுக்களைச் செலுத்துவோம்: ஒன்று சி.சி.ஆர்.5-க்கு, மற்றொன்று, எச்.ஐ.வி போன்ற ரெட்ரோவைரஸின் உடலைக் கட்டும் ‘காக்’ புரதத்துக்கு. காக் புரதம் சவ்வின் அடிப்பக்கம் கூடி, அதை வெளியே தள்ளி, மொட்டாக அரும்பச் செய்யும். அந்த மொட்டு கழன்று வரும்போது சவ்விலுள்ள ஏற்பியும் கூடவே வந்துவிடும். எச்.ஐ.வி-யின் காக் புரதத்தை வைத்தே, அந்த வைரஸ் நுழையும் வாசலைத் துகளில் ஏற்றலாம் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சிக்கலும் அந்த மொட்டில்தான். நாம் கேட்ட ஏற்பி மட்டும் அதில் வருவதில்லை, சி.டி.81 போன்ற செல்லின் சொந்தப் புரதங்களும் தொற்றிக்கொண்டு வரும். போதாக்குறைக்கு, செல்கள் இயல்பாக வெளியிடும் எக்சோசோம்கள் என்ற நுண்பைகளும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால், எவ்வளவு சுத்திகரித்தாலும் கொஞ்சம் கலந்தே இருக்கும். இந்தக் கலவையைச் சுண்டெலிக்குச் செலுத்தினால், அது சி.சி.ஆர்.5-க்கு மட்டுமா ஆன்டிபாடி உண்டாக்கும்? உடன் வந்த மனிதப் புரதங்கள் அத்தனைக்கும் சேர்த்துத்தான் உண்டாக்கும்.

என்னிடம் யாராவது, ஆன்டிபாடியின் அளவு கூடக் கூட அழகாக ஏறும் வரைபடத்தைக் கொண்டுவந்து, “துகளில் நன்றாக ஒட்டுகிறது” என்றால், நான் கேட்பது ஒன்றுதான்: அதே செல்லில், அதே காக் கொண்டு, ஏற்பி மட்டும் இல்லாமல் செய்த வெற்றுத் துகளில் என்ன வந்தது? அதிலும் கோடு இதேபோல ஏறினால், அந்த ஆன்டிபாடி ஏற்பியைப் பிடிக்கவில்லை, துகளின் மேலிருக்கும் வேறு எதையோ பிடித்திருக்கிறது. துகளை விலைக்கு வாங்குபவர்கள், அதன் வெற்றுத் துகளையும் சேர்த்தே வாங்குங்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

அப்புறம் எலைசா கழுவல். எலைசா என்பது, தட்டில் துகளைப் பதித்து, ஆன்டிபாடி ஒட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை; ஒட்டாததை இடையிடையே கழுவிவிடுவோம். வழக்கமான கழுவுநீரில் ட்வீன்-20 கலந்திருக்கும். அதுவும் ஒரு டிடர்ஜென்ட். துகளின் வெளிப்புறமோ கொழுப்புச் சவ்வு. பழக்கதோஷத்தில் மற்ற தட்டுகளோடு சேர்த்து அதையே ஊற்றினால், எந்தச் சவ்வைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டோமோ அதுவே சிதைந்துவிடும். சமிக்ஞை வராது, பழி துகள் மேல் விழும். எனவே டிடர்ஜென்ட் இல்லாத கரைசலில் கழுவுங்கள். துகள்களைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்க வேண்டாம்.

ஏற்பி ஒழுங்கான வடிவத்தில் இருக்கிறதா என்று பார்க்க, புரதத்தை அடையாளம் காணும் வழக்கமான வெஸ்டர்ன் பிளாட் சோதனை உதவாது. அதில் புரதத்தைப் பிரித்து நீட்டிவிட்டுத்தான் பார்க்கிறோம். வடிவம் சரியாக இருந்தால் மட்டுமே ஒட்டக்கூடிய ஆன்டிபாடி வேண்டும்; சி.சி.ஆர்.5-க்கு 2டி7 அப்படிப்பட்டது.

சரி, இத்தனையும் தேறியது என்றே வைத்துக்கொள்வோம். அதனால் அது மருந்தாகிவிடாது. ஏற்பி தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் ஏறுவதுபோன்ற விளைவுகளைத் துகளில் பார்க்க முடியாது. எனவே தேர்ந்தெடுத்த ஆன்டிபாடியை, சி.சி.ஆர்.5 உள்ள செல்லிலும் இல்லாத செல்லிலும் வைத்து, அது அந்தத் தூண்டலைத் தடுக்கிறதா என்று தனியாகப் பார்த்தாக வேண்டும்.