'என்ன கூட்டமுங்க?' என்று ஒய் குரோமோசோமைக் கேட்டால்

'கவுண்டர்' என்ற பெயரை வைத்துக்கொண்டு ஒருவருடைய பூர்வீகத்தைச் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது குடும்பப் பெயராகப் பிறந்ததே இல்லை. கன்னட நாட்டுக் கல்வெட்டுகளில் ஊர்த் தலைவனைக் குறிக்க காமுண்ட, காவுண்ட என்று ஒரு சொல் வரும், கொங்குக் கல்வெட்டுகளில் அதுவே காமிண்டன் என்று வரும். கவுடாவும் கவுண்டரும் அந்த வழியில் வந்தவைதான். ஆக இது ஒரு பதவிப் பெயர். மணியக்காரர் மாதிரி, பட்டக்காரர் மாதிரி. ஊரில் தலைக்கட்டாக இருந்தவர் எந்தச் சாதியோ அந்தச் சாதிக்கு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் வேளாளக் கவுண்டர், வேட்டுவக் கவுண்டர், ஊராளிக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஒக்கலிகக் கவுண்டர் என்று ஒன்றுக்கொன்று பெண் எடுக்காத பல சமூகங்கள் இந்தப் பட்டத்தை வைத்திருக்கின்றன. தருமபுரி, சேலம் பக்கம் போனால் வன்னியர்களுக்கும் இதே பட்டம்தான்.

தமிழ்நாட்டில் 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுத் தீர்மானத்துக்கு அப்புறம் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவது மெல்ல மெல்லக் குறைந்துபோனது, இன்ஷியலோடு நிறுத்திக்கொள்கிறோம். கடல் தாண்டிப் போனவர்களுக்கு நேர்மாறு. 1860இல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கப்பல் போனது, 1903இலிருந்து ஃபிஜிக்கும் போனது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பதிந்த குமாஸ்தா பதிவேட்டில் என்ன எழுதினாரோ அது பேரன் பேத்திக்கெல்லாம் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவில் கவுண்டன், ஃபிஜியில் கவுண்டர். அங்கே ஒரே பெயருள்ள இரண்டு பேர் டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்து ஒட்டவே ஒட்டவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

உண்மையான குடும்பப் பெயருக்குப் பக்கத்தில் வருவது நம்மூரில் கூட்டம்தான். கொங்கில் பல சாதிகளுக்குக் கூட்டம் உண்டு, வேளாளர்களிடம் காடை, ஆந்தை, அந்துவன், தூரன், பயிரன், கண்ணன், சாத்தந்தை, முழுக்காதன், செங்கண்ணன் என்று பட்டியல் நீளும். கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால் ஜாதகத்துக்கு முன்னால் இதுதான் வரும்.

"நீங்க என்ன கூட்டமுங்க?"

"காடைங்க."

"அட, நாமளும் காடைதானுங்க. அப்பப் பங்காளியாயிட்டமுங்க."

அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தம்பி முறை, பெண் எடுக்கக் கூடாது. கூட்டம் அப்பாவிடமிருந்து மட்டும் வரும். மகன் அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவான், மகள் கட்டிப்போன இடத்தின் கூட்டத்தில் சேர்ந்துகொள்வாள். இந்த விதியை அப்படியே உடம்புக்குள் கடைப்பிடிக்கிற ஒன்று இருக்கிறது: ஒய் குரோமோசோம்.

நம் செல்லில் 23 ஜோடி குரோமோசோம்கள். 22 ஜோடிகளில் அப்பாவிடமிருந்து வந்ததும் அம்மாவிடமிருந்து வந்ததும் விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது துண்டு துண்டாக இடம் மாறிக் கலந்துகொள்ளும், அதனால் தாத்தாவின் குரோமோசோம் பெரும்பாலும் முழுசாகப் பேரனுக்கு வந்து சேராது. ஒய் மட்டும் விதிவிலக்கு. அதற்குச் சரியான ஜோடி இல்லாததால் இரண்டு நுனிகளைத் தவிர மற்ற பகுதி கலக்காமலே போகும். சுமார் 6 கோடி டி.என்.ஏ. எழுத்து, அப்பாவிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு. ஆனாலும் ஓலைச்சுவடியைப் படியெடுக்கிறவர் அங்கங்கே ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவைப்பது போல எப்போதாவது ஒரு மாற்றம் விழும், விழுந்த மாற்றம் அப்புறம் வரும் எல்லாப் படிகளிலும் தொடரும். எந்தப் பிழை யார் யாரிடம் இருக்கிறது என்று பார்த்தால் எந்தப் படி எதிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஒய்யின் பெரும்பகுதியை வரிசைப்படுத்திப் பார்த்தால் தோராயமாக இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒரு எழுத்து மாற்றம் அகப்படும். மலிவான சோதனைகளில் வேறு ஒன்றை எண்ணுவார்கள், நாலெழுத்துத் துண்டு ஒன்று அடுத்தடுத்து எத்தனை தடவை வருகிறது என்று. அப்பாவுக்கு 14 என்றால் மகனுக்கும் பெரும்பாலும் 14, எப்போதோ ஒருத்தனுக்கு 15. இப்படி இருபது முப்பது இடங்களில் எண்ணி இரண்டு பேரை ஒப்பிட்டால் பொது மூதாதை கிட்டத்தில் இருந்தாரா எட்டத்தில் இருந்தாரா என்று சொல்லலாம்.

குடும்பப் பெயரும் ஒய்யும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகும் என்று பிரிட்டனில் நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். 2009இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 40 குடும்பப் பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களின் ஒய்யைப் பார்த்தார்கள். ஸ்மித் மாதிரிப் பொதுப் பெயர் வைத்திருந்தவர்களுக்குள் ஒற்றுமை கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை, கொல்லர் ஊருக்கு ஊர் இருந்தார் என்பதால் ஸ்மித்தும் ஊருக்கு ஊர் தனித்தனியாக முளைத்திருக்கிறார். அட்டன்பரோ மாதிரி அபூர்வப் பெயரில் பத்தில் ஒன்பது பேருக்குக் கிட்டத்தட்ட ஒரே ஒய் வம்சம், அதாவது ஒரே ஆதி மூதாதை. நம் கணக்கில் கவுண்டர் என்பது ஸ்மித் வகை. கூட்டம் அட்டன்பரோ வகையாக இருக்க வாய்ப்புள்ள பெயர்.

வாய்ப்புள்ள என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ஓட்டைகள் இருக்கின்றன. கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில், 12, 13ஆம் நூற்றாண்டுகளில், கோயிலுக்குக் கொடை கொடுத்தவர் வெள்ளாளன் என்று சொல்லி இன்ன கூட்டத்தாரில் இன்னான் என்று பதிந்திருக்கிறார்கள். ஆக 800 வருடம் என்று வைத்துக்கொள்வோம், தலைமுறைக்கு 30 வருடம் என்றால் 26 தலைமுறை. இடையில் வாரிசு இல்லாமல் சுவீகாரம் எடுத்திருப்பார்கள், கைக்குழந்தையோடு வந்தவளைக் கட்டியிருப்பார்கள், வெளியில் சொல்லாத சங்கதிகளும் இருந்திருக்கும். தலைமுறைக்கு நூற்றுக்கு இரண்டு என்று கொஞ்சமாக வைத்தாலும் 26 தலைமுறை கழித்து ஆதிக் கூட்டக்காரருடைய ஒய்யை வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு 59 பேர்தான் தேறுவார்கள். மீதிப் பேரும் கூட்டத்துக்குரிய காணிக் கோயிலில் அதே பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள், அதில் தப்பும் இல்லை. அதோடு ஒரே கூட்டப் பெயர் வேறு வேறு ஊர்களில் தனித்தனியாக முளைத்திருக்கவும் முடியும்.

சங்க இலக்கியத்தில் அந்துவஞ்சேரல் இரும்பொறை இருக்கிறான், புறநானூற்றில் சாத்தந்தையார் என்ற புலவர் இருக்கிறார், உடனே நாங்கள் அவர் வம்சம் என்று கிளம்பிவிடுகிறார்கள். பெயர் ஒற்றுமை பெயரின் வயதைத்தான் காட்டும், ரத்தத்தைக் காட்டாது. அதை நிரூபிக்க அந்தக் காலத்து எலும்பிலிருந்து டி.என்.ஏ. வேண்டும், நம் வெயிலில் அது லேசில் மிஞ்சாது. ஹரியானாவில் ராக்கிகடி என்ற சிந்துவெளிக் கால ஊரில் 61 எலும்பு மாதிரிகளைச் சோதித்ததில் ஒரே ஒரு பெண்ணுடைய மாதிரிதான் ஓரளவு படிக்கக் கிடைத்தது (அதை 2019இல் வெளியிட்டார்கள்).

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்களுக்கு 1,024 மூதாதை இடங்கள். அதில் உங்கள் கூட்டப் பெயரையும் ஒய்யையும் கொடுத்தவர் ஒரே ஒருவர். மற்ற 1,023 பேரும் கூட உங்கள் மூதாதையர்தான், அவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், அந்தப் பெண்கள் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார்கள் என்று மூணு தலைமுறைக்கு மேல் சொல்லத் தெரிந்த வீடு அபூர்வம்.

இந்தக் கணக்கோடு கல்யாண முறையைப் பாருங்கள். பவானிப் பக்கத்துக் காடைப் பையனும் கரூர்ப் பக்கத்துக் காடைப் பெண்ணும், 26 தலைமுறைக்கு முன்னால் பிரிந்த கிளைகள் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மூதாதை வழியாக இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியிருக்கும் டி.என்.ஏ. பூஜ்யம் என்றே சொல்லலாம், பெண்ணுக்கு ஒய்யே கிடையாது என்பதால் அந்த ஒற்றுமையும் இல்லை. இவர்கள் கட்டக் கூடாது, அண்ணன் தங்கை. அத்தை மகளோடு எட்டில் ஒரு பங்கு டி.என்.ஏ. பொது, அங்கே முறை இருக்கிறது, உரிமையே இருக்கிறது! சித்தப்பா மகளோடும் அதே எட்டில் ஒன்றுதான் பொது, அங்கே பேச்சுக்கே இடமில்லை. கூட்ட விதி காவல் காப்பது ஆண்வழியை மட்டும், மற்ற 22 ஜோடிகளும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டியவர்களின் பிள்ளைக்கு, கொள்ளுத் தாத்தா பாட்டி எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு பேர்தான் இருப்பார்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் ஒரே மூதாதையின் ஒரே துண்டு வந்து சேர்ந்திருக்க ஒவ்வொரு மரபணுவிலும் பதினாறில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டினால் அது எட்டில் ஒன்று. இதில் ஒரு சின்ன வேடிக்கை: எக்ஸ் குரோமோசோமை மட்டும் பார்த்தால் அத்தை மகளும் மாமன் மகளும் ஒன்றில்லை. ஆணுக்கு எக்ஸ் அம்மாவிடமிருந்துதான் வரும், அத்தை அப்பா வழி, அதனால் அத்தை மகளைக் கட்டினால் பிறக்கும் பெண் குழந்தைக்கு எக்ஸில் இந்த இரட்டிப்பு வராது. மாமன் மகளைக் கட்டினால் பெண் குழந்தைக்கு எட்டில் ஒரு வாய்ப்பு வரும்.

ஆழமான பூர்வீகம் பற்றிக் கொஞ்சம். எச், எல், ஆர்1ஏ, ஆர்2, ஜே2 என்ற பெரிய ஒய் கிளைகள் எல்லாம் தமிழ்நாட்டில் உண்டு, எந்தச் சாதியும் ஒரே கிளைக்குள் அடங்காது. 2012இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து தமிழ்நாட்டின் 31 சமூகங்களிலிருந்து 1,680 ஆண்களின் ஒய்யை ஆராய்ந்து, இந்தச் சமூகங்களின் ஆண்வழிகள் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே, விவசாயம் பரவிய காலத்தில், பிரிய ஆரம்பித்துவிட்டன என்றார்கள். அடுத்த வருடமே தெற்காசியாவின் 73 குழுக்களின் முழு மரபணுத் தொகுதியைப் பார்த்த இன்னொரு ஆய்வு, 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை எல்லாரும் எல்லாரோடும் கலந்தார்கள், அப்புறம்தான் சாதிக்குள்ளேயே கட்டிக்கொள்ளும் அகமணம் இறுகியது என்றது. முரண்பாடு மாதிரித் தெரிகிறது. ஆனால் முதலாவது அப்பா வழி ஒற்றைக் கோட்டை மட்டும் பார்த்தது, இரண்டாவது அம்மாக்களையும் சேர்த்துப் பார்த்தது. பழைய வேட்டைக்குடி, ஈரான் பக்கத்து உறவுள்ள சிந்துவெளிக் கால மக்கள், யூரேசியப் புல்வெளியிலிருந்து வந்தவர்கள் என்று மூன்று ஓடைகளின் கலவைதான் நம்மில் பெரும்பாலோர், சாதிக்குச் சாதி விகிதம் மாறும், அவ்வளவே.

இதெல்லாம் பெருமை பேசுகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். உபயோகமான சங்கதி அகமணம் இறுகிய அந்தக் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. கொஞ்சப் பேரிலிருந்து பெருகி, உள்ளுக்குள்ளேயே கட்டிக்கொண்ட சமூகத்தில் ஒரு ஆதி மூதாதையின் பழுதான மரபணு நிறையப் பேரிடம் ஒளிந்திருக்கும், இரண்டு பக்கமும் அது சேர்ந்தால்தான் வெளியே தெரியும். கூட்டம் வேறாக இருப்பது இதற்குக் காப்பு இல்லை, பழுது பெண்கள் வழியாக எல்லாக் கூட்டத்துக்கும் போயிருக்கும். 2017இல் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட குழுக்களைப் பார்த்த ஆய்வில் 81 குழுக்களிடம் கொஞ்சப் பேரிலிருந்து பெருகிய இந்தச் சுருக்கம், இதற்குப் பேர்போன ஃபின்லாந்துக்காரர்களைவிடக் கடுமையாக இருந்தது. பெரிய சாதி, நமக்கென்ன என்றும் இருந்துவிட முடியாது, அந்த 81இல் 14 குழுக்களின் மக்கள்தொகை தலா 10 லட்சத்துக்கு மேல்.

கொங்கில் கடைவீதி தோறும் இருக்கும் ஆரிய வைசியர்கள், அதாவது செட்டியார் என்று நாம் பொதுவாகச் சொல்கிறவர்களில் தெலுங்கு பேசுகிற ஒரு பிரிவினர், இதற்குத் தெரிந்த உதாரணம். அவர்களில் சிலருக்கு ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும். அன்றாட வாழ்க்கையில் அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆபரேஷனின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைச் சிதைப்பது அந்த நொதிதான், அது இல்லாவிட்டால் சில நிமிடத்தில் தெளிய வேண்டிய ஆள் மணிக்கணக்கில் தானாக மூச்சுவிட முடியாமல் கிடப்பார். விவரம் தெரிந்த மயக்க மருத்துவர் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார், தேவைப்பட்டால் மருந்தை மாற்றிக்கொள்வார். கேட்காவிட்டால் நாமே சொல்லலாம், வீட்டில் யாருக்காவது மயக்கம் தெளிய நேரமானது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால் அதையும் சேர்த்து.