விவசாயி, உழவர், கமக்காரர்

விவசாயி என்பது தமிழ்ச்சொல் அன்று. வடமொழியின் ‘வ்யவஸாய’ என்பதே நம் நாவில் தேய்ந்து விவசாயம் ஆயிற்று. அங்கே அதன் பொருள் உறுதி, விடாமுயற்சி, ஒன்றைச் செய்தே தீர்வது என்ற துணிவு. மண், ஏர், நெல் எதுவும் அதற்குள் இல்லை. அதனால்தான் போன இடமெல்லாம் அது வெவ்வேறு வேலையில் அமர்ந்தது. இந்தியில் தொழில், வணிகம், மலையாளத்தில் ஆலைத்தொழில், தெலுங்கிலும் கன்னடத்திலும் நம்மைப் போலவே பயிர்த்தொழில். சிங்களத்தில் ‘வியவசாயகயா’ என்றால் தொழில் முனைவோர். வயலில் நிற்பவருக்கு அங்கே ‘கொவியா’ என்று வேறு பெயர். இரு மொழியும் புழங்கும் திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாயில், ஒரே வேரிலிருந்து வந்த சொல் ஒரு காதில் கடை முதலாளியாகவும் மறு காதில் வயற்காரராகவும் விழும்.

நமக்குச் சொந்தச் சொற்கள் இல்லாமல் இதைக் கடன் வாங்கவில்லை. உழவர் இருக்கிறது, தெளிவான பழஞ்சொல். வேளாண்மை இருக்கிறது, அதன் பழம்பொருள் உதவுதல், விருந்தினரைப் பேணுதல். கொடுப்பதற்கு வைத்த பெயரே பின்னர் விளைவிப்பதற்கும் ஆயிற்று. இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் அது இன்னும் ஒரு படி இறங்கி, வயலில் நிற்கும் பயிரையே குறிக்கிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் “வேளாண்மை வெட்டியாயிற்றா?” என்று கேட்டால் அறுவடை முடிந்ததா என்று பொருள். சென்னையிலிருந்து வந்தவர் திகைத்துப்போவார்.

மூன்றாவது, ஈழத்துக்கே உரிய கமம், கமக்காரர். கமம் எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு வழிகள் தெரிகின்றன. தொல்காப்பியம் ‘கமம்’ என்பதற்கு நிறைவு என்று பொருள் சொல்கிறது. நீர் நிறைந்த கருமேகத்தைச் சங்கப் புலவர்கள் ‘கமஞ்சூல்’ என்றார்கள். நிறைந்த வயல் கமம் என்று விளக்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் வலிகாமம், கொடிகாமம், கதிர்காமம், நம் தம்பலகாமம் என்று ஊர்ப்பெயர்களின் வாலில் நிற்பது ஊர் என்னும் பொருளுடைய பாளிச் சொல்லான ‘காமம்’. சிங்களத்தில் அது ‘கம’. ஊர் என்றால் வயல், வயல் என்றால் ஊர் என்று இருந்த நாட்டில் ஊரைக் குறித்த சொல் பயிர்த்தொழிலுக்கு ஆகிவந்திருக்கும் என்பதே என் சாய்வு. நிறைவு என்னும் விளக்கம் அழகானது, அழகு சான்றாகாது.

தம்பலகாமத்தைச் சொன்னால் அதன் வயல்களுக்கு நீர் தரும் கந்தளாய்க் குளத்தையும் சொல்ல வேண்டும். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு நெல் விளைய வேண்டும் என்பதற்காகக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டுவித்தான் என்பது நம்மவர் ஐதீகம். ஏழாம் நூற்றாண்டில் அனுராதபுர மன்னன் இரண்டாம் அக்கிரபோதி கட்டினான் என்பது வரலாற்றாசிரியர் கணக்கு. யார் கட்டியிருந்தாலும், கோயிலும் அரண்மனையும் வயலை நம்பியிருந்ததற்கு அந்தக் குளம் சாட்சி.

அப்படி நம்பியிருப்பது வயற்காரருக்கு எவ்வளவு அதிகாரம் தருகிறது? வள்ளுவர் ‘உழவினார் கைம்மடங்கின்’ என்கிறார். உழுபவர் கையை மடக்கிக்கொண்டால் துறவிக்கும் நிலையில்லை என்பது அந்தக் குறள். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் உழுபவரால் கையை மடக்க முடிகிறதா? விதை, உரம், உழவு இயந்திரம் எல்லாம் கடனில் வந்தவை. சூடடித்த நெல்லைக் காயவைக்கவும் சேர்த்துவைக்கவும் இடம் இல்லை. ஈரம் உலராமலே ஆலைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும். உத்தரவாத விலைக்கு நெல் வாங்குவதற்கென்றே 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைக்கப்பட்டது. அதன் களஞ்சியம் திறப்பதற்குள் நெல் கைமாறிவிடுகிறது என்ற முறைப்பாடு அறுவடைக்கு அறுவடை எழுகிறது.

அரிசியின் பெயரால் அரசு ஆட்டங்கண்ட நிகழ்ச்சியிலும் வயற்காரர் முன்வரிசையில் இல்லை. 1953இல் பங்கீட்டு அரிசி ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமானபோது நாடு ஹர்த்தாலில் இறங்கியது. இரண்டு மாதங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அது உண்பவரின் பலம்.

விளைவிப்பவரின் பலம் 2021இல் தெரிந்தது, அதுவும் தலைகீழாக. அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அறிவித்தலில் தடை செய்யப்பட்டது. கமக்காரர்கள் வீதிக்கு வந்தார்கள், உருவப் பொம்மைகளை எரித்தார்கள். நவம்பரில் அரசு பின்வாங்கியபோது மழைக்கால நெற்பருவமான பெரும்போகத்தின் விதைப்புக் காலம் நடந்துகொண்டிருந்தது. அடுத்த அறுவடை பெரிதும் சரிந்தது. ஏறக்குறைய தன்னிறைவு கண்டிருந்த நாடு மறுபடி அரிசிக்குக் கப்பலைப் பார்த்து நின்றது. 2022 ஜூலையில் ஜனாதிபதி பதவி விலகியதற்கு டொலரும் எரிபொருளும் பெருங்காரணங்கள்தாம். ஆனால் அந்த ஆட்சியிடமிருந்து முதலில் விலகிய கூட்டத்தில் வயற்காரரும் இருந்தார்கள். அவர்கள் கையை மடக்கவில்லை, மடக்கிவிட்டது அரசு.

திருகோணமலைக்காரருக்கு இன்னொன்றும் தெரியும். நாடு வயலை நம்பியிருக்கிறது, வயல் மடையை நம்பியிருக்கிறது. 2006 ஜூலையில், மூதூருக்குத் தெற்கே விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதியில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. கீழே ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வயல்களுக்குத் தண்ணீர் நின்றது. நின்றிருந்த போர் மறுபடி மூண்டது. மதகை மூடியதும் திறந்ததும் ஆயுதம் தாங்கியவர்கள். கமக்காரரை யாரும் கேட்கவில்லை.

அவரைக் கேட்கும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் ஆரம்பக் கூட்டம். எந்தத் தேதியில் தண்ணீர் திறப்பது, விதைப்பை எப்போது முடிப்பது, எத்தனை நாள் வயது நெல், மாடுகளை எப்போது வெளியேற்றுவது, குளத்தில் நீர் குறைவென்றால் சிறுபோகத்தில் எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அங்கே அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் உரக்க வாதாடி முடிவு செய்பவை. முடிவு எல்லோரையும் சட்டப்படி கட்டும். ‘வ்யவஸாய’ என்பதன் மூலப்பொருளான துணிதல், அறுதியிடல் உயிரோடு இருப்பது அந்தக் கூட்டத்தில்தான் என்பேன்.

எனவே விவசாயி என்ற சொல்லை விரட்ட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அது வேரூன்றிவிட்டது. இலங்கையில் எழுதும்போது கமக்காரர் என்றே எழுதலாம். கமநல சேவை நிலையம், கமத்தொழில், கமக்காரர் அமைப்பு என்று குடும்பமாக இருக்கும் சொல் அது. நிலம் இல்லாமல் நாட்கூலிக்கு வயலில் இறங்குபவரையும் கமக்காரர் என்பது பொருந்தாது. அவருக்கு உழவர் அல்லது வயற்கூலியாள். பெண்களுக்குத்தான் சிக்கல். களை பிடுங்குவதிலும் நாற்று நடுவதிலும் பெரும்பங்கு அவர்களுடையது. பள்ளு இலக்கியம் அறிந்த ‘உழத்தி’ இன்று யார் வாயிலும் இல்லை, ‘பெண் விவசாயி’ என்பது படிவத்துக்காகச் செய்த சொல். கமக்காரர் என்ற பலர்பால் வடிவம் இருவருக்கும் போதும், படிவத்தில் நிலச் சொந்தக்காரர் என்ற கட்டத்தில் அவர் பெயரையும் எழுத இடம் விட்டால்.