படத்தைப் பகிர்வது போராட்டம் ஆகாது

மீண்டும் ஒரு கல்லூரி மாணவன், மீண்டும் ஒரு டெலிகிராம் குழு. சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவர் தன் மகனை அழைத்துக்கொண்டு கோவையில் இருக்கும் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்திருந்தார். பையன் பொறியியல் படிக்கிறான். புதுப்படங்களைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குழுவில் ஏற்றியிருக்கிறான். ஒவ்வொரு துண்டின் கீழும் ஒரே வாசகம்: "கொள்ளையடிக்கும் சினிமாக்காரர்களுக்கு மக்களின் பதிலடி." பட நிறுவனத்தின் வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகும் குழு அப்படியே இருக்கிறது. நான் வாய் திறக்கும் முன்பே தகப்பனார் சொன்னார்: "பையன் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லைங்க ஐயா."

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. திருப்பூரிலிருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார், பொள்ளாச்சியிலிருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார். காசு வாங்கினால்தான் குற்றம் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு கேட்பது ஒன்றைத்தான்: தெரிந்தே செய்தாயா? தெரிந்தே செய்தால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக ஆதாயத்துக்காகச் செய்யவில்லை என்றால், தகுந்த சிறப்புக் காரணங்களைப் பதிவு செய்து, நீதிபதி அந்தக் குறைந்தபட்சத் தண்டனையைவிடக் குறைவாக விதிக்கலாம். கவனியுங்கள், விதிக்கலாம் என்றுதான் இருக்கிறது. காசு வாங்காதது தண்டனையைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது. அந்த வாதத்தை வழக்கின் கடைசிக் கட்டத்தில்தான் நான் எடுத்து வைக்க முடியும். அதற்கு முன்னால் பையன் என்னென்ன பட வேண்டியிருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

63ஆம் பிரிவுக் குற்றத்தில் பிணை உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம் மனம் வைத்தால்தான் கிடைக்கும்; பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் சொல்லிவிட்டது. 64ஆம் பிரிவின்படி உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி பிரதிகளைப் பறிமுதல் செய்யலாம். பிரதி எங்கே இருக்கிறது? பையனின் மடிக்கணினியில். அதே மடிக்கணினியில்தான் அவனுடைய இறுதியாண்டு ப்ராஜெக்டும் இருக்கிறது. நீதிமன்றத்திலிருந்து அதைத் திரும்பப் பெறுவதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும்.

கணினிக்குக் கணினி கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் டோரன்ட் முறையில் படம் இறக்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. "நான் இறக்கினேன், ஏற்றவில்லை" என்பீர்கள். இறங்க இறங்க அது உங்கள் கணினியிலிருந்து மற்றவர்களுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

திருப்பூர்க்காரர்களிடம் நான் கேட்பது ஒன்று. நீங்கள் மெனக்கெட்டுப் போட்ட பனியன் டிசைனை அடுத்த தெருக்காரர் அப்படியே அடித்து, "நான் விற்கவில்லை, ஊருக்கு இலவசமாகத்தான் கொடுத்தேன்" என்று சொன்னால் ஒத்துக்கொள்வீர்களா? 1914இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் என்ற திரையரங்கைக் கட்டிய ஊர் நம் கோவை. கோபியிலும் பொள்ளாச்சியிலும் படப்பிடிப்பு நடந்தால் வண்டி ஓட்டுகிறவரும் சமைத்துப் போடுகிறவரும் நம் பக்கத்து ஆட்கள்தான். படம் நஷ்டமானால் முதலில் கூலி நிற்பது அவர்களுக்கு.

இதற்காகத் திரைத்துறை பேசுவதெல்லாம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பையனின் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. இணையத்தில் படம் காட்டும் ஓடிடி தளங்களில், காசு கொடுத்துச் சந்தா கட்டியவனுக்கும் விளம்பரம் காட்டுகிறார்கள். போன மாதம் இருந்த படம் இந்த மாதம் இல்லை. நான்கு படம் பார்க்க நான்கு சந்தா. அதற்கு மேல், ரசிகர்கள் அனைவரையும் திருடர்களாகவே பாவிக்கும் மிரட்டல். 2016 ஆகஸ்டில் முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தவர்களுக்கு, பார்த்தாலே மூன்றாண்டு சிறை என்ற பொருளில் எச்சரிக்கை வந்தது. நாடே பதறியது. பார்ப்பது குற்றமல்ல, அனுமதியில்லாமல் விநியோகிப்பதும் பொதுவில் திரையிடுவதும் விற்பனைக்கோ வாடகைக்கோ விடுவதும்தான் குற்றம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் விளக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இசை நிறுவனங்கள் 2003 செப்டம்பரில் 261 பேர் மீது ஒரே மூச்சில் வழக்குப் போட்டன. அவர்களில் பன்னிரண்டு வயதுச் சிறுமியும் ஒருத்தி. 24 பாடல்களைப் பகிர்ந்த ஒரு பெண்ணுக்கு 2009இல் ஜூரி விதித்த இழப்பீடு 19 லட்சத்து 20 ஆயிரம் டாலர். பிறகு அது 2,22,000 டாலராகக் குறைந்தாலும், ஒரு சாதாரணக் குடும்பம் கட்டக்கூடிய தொகையா அது? அங்கே நுகர்வோர் கொதித்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்தக் கொதிப்பு எங்கே பலன் தந்தது என்று பாருங்கள். 2005இல் சோனி பிஎம்ஜி தன் இசைத் தட்டுகளில், வாங்கியவரின் கணினிக்குள் அவருக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் மென்பொருளை வைத்திருந்தது அம்பலமானது. தட்டைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்கள், வழக்குப் போட்டார்கள். நிறுவனம் தட்டுகளைத் திரும்பப் பெற்றது. திருட்டுப் பகிர்வைத் தடுக்கிறோம் என்று இணையத் தளங்களையே முடக்க வழிசெய்யும் சோபா, பிபா என்ற இரண்டு அமெரிக்க மசோதாக்களை எதிர்த்து, 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா ஒரு நாள் முழுக்கத் தன் பக்கங்களை இருட்டாக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் அந்த இரண்டு மசோதாக்களையும் கிடப்பில் போட்டது. அதே ஆண்டு நம் ஊரில், ஒரு தமிழ்ப் படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவைக் காட்டி, எத்தனையோ நல்ல காரியத்துக்குப் பயன்பட்ட தளங்களையும் சேர்த்து முடக்கினார்கள். அதை எதிர்த்து ஜூன் 9 அன்று இளைஞர்கள் முகமூடி அணிந்து மும்பை ஆசாத் மைதானத்தில் நின்றார்கள். அவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் இணையச் சேவை நிறுவனங்கள் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிய பிறகுதான், முழுத் தளத்தையும் முடக்கக் கூடாது, குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே முடக்க வேண்டும் என்ற தெளிவு அந்த மாதமே பிறந்தது.

திருட்டுத்தனமாகப் பகிர்ந்ததால் எந்தச் சட்டமாவது இளகியிருக்கிறதா? 2004இல் தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்துக்குள் திருட்டு வீடியோக்காரர்களைச் சேர்த்தார்கள். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். 2023இல் திரையரங்கில் செல்போனால் படம் பிடிப்பவருக்குக் குறைந்தது மூன்று மாதச் சிறை, 3 லட்சம் ரூபாய் அபராதம் என்று ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் திரைத்துறை அரசிடம் கொண்டுபோய்க் காட்டிய சான்று, நீங்கள் பெருமையோடு பரப்பிய கோப்புதான்.

இனி நேரடியாகச் சொல்கிறேன். குழு நடத்துகிறவர்கள் இன்றே பகிர்வதை நிறுத்துங்கள். நோட்டீஸ் வந்திருந்தால் வக்கீலைப் பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள், ஆதாரத்தை அழித்தான் என்ற பழியும் சேரும். தயவுசெய்து நீங்களாகப் பதில் எழுதாதீர்கள். "ஆமாம், போட்டேன், என்ன செய்வீர்கள்?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு என்னிடம் வந்தால் நான் எதை வைத்து வாதாடுவது?

வருகிற நோட்டீஸ் எல்லாம் உண்மையானது என்றும் நம்பிவிடாதீர்கள். முறையான நோட்டீஸில் வக்கீலின் பெயர், கட்சிக்காரரின் பெயர், எந்தப் படம், எந்த நாள் என்பதெல்லாம் இருக்கும். சைபர் போலீஸ் என்று சொல்லி, இரண்டு மணி நேரத்தில் ஜிபேயில் பணம் போட்டால் வழக்கு இல்லை என்று பேசுகிறவன் மோசடிக்காரன். நகையை அடகு வைத்துக் கட்டிய தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு உடனே அழையுங்கள். தவறே செய்யாதவரை ஒரு நிறுவனம் ஆதாரமில்லாமல் மிரட்டினால், அதைத் தடுத்து நிறுத்தக் கோரி நீங்களே நீதிமன்றம் போகலாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது. இதை நம் வக்கீல்களிலேயே பலர் எடுத்துப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். வக்கீலுக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் 15100க்கு அழையுங்கள், சட்டப் பணிகள் ஆணைக் குழு வழிகாட்டும்.

கோபம் மிச்சமிருக்கிறதா? அதைத் தாளில் எழுதுங்கள். சந்தாவை நிறுத்த முடியாதபடி சுற்றிச் சுற்றி அலைய விடுவது நேர்மையற்ற வணிகம் என்று 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. திரையரங்கில் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, கேட்டு வாங்குங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் புகார் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதற்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சந்தா கட்டிய ரசீது, வங்கிக் குறுஞ்செய்தி, நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல், அவர்கள் தந்த பதில், பதில் தரவில்லை என்றால் அனுப்பிய நாள், இவற்றை ஒரு கோப்பில் போட்டு எடுத்து வாருங்கள். குழுவில் இருக்கும் ஆயிரம் பேரில் பத்துப் பேர் சொந்தப் பெயரில் இதைச் செய்தாலும், அந்த நிறுவனம் கோவைக்கு ஆள் அனுப்பிப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.